அடுப்பைக் கட்டியாச்சு, குழாயைத் தட்டுவது யார்?

நம்ம டிபார்ட்மெண்ட் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்க. ட்ரோன், லைன் ஃபாலோயர் ரோபோ, சோலார் உலர்த்தி. இதுங்களுக்கு நடுவுல "மேம்படுத்தப்பட்ட புகையில்லா விறகு அடுப்பு"ன்னு ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும். எக்ஸ்போவுல அடுப்பு ஜம்முனு எரியும். புகை அழகா குழாய் வழியா மேலே போகும். கைதட்டல், சான்றிதழ், குரூப் ஃபோட்டோ.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த அடுப்பு மூணாவது வருஷம் எப்படி எரியும்?

புது அடுப்பு கண்டுபிடிக்கிறது முக்கியமில்லைன்னு நான் சொல்ல வரலை. ஆனா நம்ம நாட்டுல விறகு அடுப்புப் பிரச்சினை டிசைன் இல்லாததால நிக்கலை. பராமரிப்பு இல்லாததாலதான் நிக்குது. அதைப் பொறியியல் வேலையாவே நாம மதிக்கிறதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

இது யாருடைய பிரச்சினை?

"இப்போ யாருப்பா விறகுல சமைக்கிறா?"ன்னு கேக்குறீங்களா? கேளம்பாக்கத்துல இருந்து கோவளம் பஸ் ஏறி இறங்குங்க. 2021ல் நீலக்கொடி வாங்கின கடற்கரை, சர்ஃபிங் பலகைகள், ரிசார்ட் கேட்டுகள் எல்லாம் ஒரு பக்கம். குப்பத்துக்குள்ள நடந்தா, கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கிற அதே ஊருல, வீட்டுக்குள்ள கேஸ் அடுப்பு, கொல்லைப்புறத்துல விறகு அடுப்புன்னு இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். காலை வெந்நீர் விறகுல. நாள் கிழமைன்னா பெரிய அண்டாவும் விறகுல. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வர்ற வரைக்கும் மொத்தச் சமையலும் விறகுல. கேஸ் வந்ததும் விறகு அடுப்பு போகலை. வேற வேலைக்கு மாறிடுச்சு, அவ்வளவுதான்.

எரிபொருளுக்கும் பஞ்சமில்லை. சவுக்குக் கட்டை, சவுக்கு மிளாறு, தென்னை மட்டை, பன்னாடை, கொட்டாங்குச்சி. சவுக்கு நல்ல விறகுதான். 19ஆம் நூற்றாண்டுல இந்தக் கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்பு போட்டதே ரயில் எஞ்சினுக்கு எரிபொருள் வேணும்னுதான்.

இந்தப் புகையைச் சாதாரணமா நினைக்காதீங்க. வீட்டுக்குள்ள எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால 2020ல் மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. போரூர்ல இருக்கிற ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்துல கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இருபது வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகள்ல இந்தப் புகையை அளந்துட்டு வர்றாங்க. நம்ம கேம்பஸ்ல இருந்து பக்கத்துல நடக்குற ஆராய்ச்சி. நம்மள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?

எழுபது வருஷக் கதை

புகைபோக்கி வெச்ச அடுப்பு இந்தியாவுக்குப் புதுசு இல்லை. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்துல இருந்த எஸ்.பி. ராஜு என்கிற பொறியாளர் 1953லேயே கோடிக்கணக்கான வீடுகளுக்கான புகையில்லாச் சமையலறை பத்திப் புத்தகம் எழுதிட்டார். மண்ணுல கட்டுற அடுப்பு, அடுத்தடுத்து பாத்திரம் வைக்கத் துளைகள், கடைசியில புகைக்குழாய். இன்னைக்கு நாம ப்ராஜெக்ட்னு காட்டுற பலதுக்கும் அதுதான் தாத்தா.

1980களில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டு வந்தது. 2002ல் அது நிறுத்தப்படுறதுக்குள்ள சுமார் 3.5 கோடி அடுப்பு கொடுத்திருந்தாங்க. எண்ணிக்கை பிரமாதம். ஆனா அதுல எத்தனை அடுப்பு தொடர்ந்து எரிஞ்சுது, எத்தனை குழாய் அடைச்சுக் கிடந்துதுங்கிறதுதான் விஷயம். கட்டின அடுப்புக்குக் கணக்கு இருந்துது. வேலை செய்யுற அடுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஏற்பாடு பலவீனமா இருந்துது.

இதுக்கு நல்ல ஆதாரம் ஒடிசாவுல கிடைச்சுது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா மூணு பேரும் புகைபோக்கி வெச்ச அடுப்பு கொடுத்த வீடுகளை நாலு வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. முதல் வருஷம் மூச்சுல போன புகை குறைஞ்சுது. அப்புறம் அந்தப் பலன் காணாமப் போச்சு. நுரையீரல்ல முன்னேற்றம் இல்லை, விறகுச் செலவும் குறையலை. ஆய்வுக்கூடத்துல அதே அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுது. வீட்டுல என்ன ஆச்சுன்னா, ஒழுங்கா உபயோகிக்கலை, பழுது பார்க்கலை, போகப் போக அடுப்பையே விட்டுட்டாங்க. 2016ல் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு "ஜனங்களுக்கு அக்கறை இல்லை"ன்னு முடிவு கட்டினவங்க உண்டு. எனக்கு அது சரியாப் படலை. பராமரிக்க வேண்டிய பொருளைக் கொடுத்துட்டு, பராமரிக்கிற வேலையை ஏற்கெனவே நாள் முழுக்க வேலை செய்யுற ஒரு பெண் தலையில கட்டிட்டு வந்தா வேற என்ன நடக்கும்?

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. குவாத்தமாலாவுல கிர்க் ஸ்மித் குழு 534 வீடுகள்ல ஒரு சோதனை நடத்தினாங்க. அங்கேயும் புகைபோக்கி வெச்ச விறகு அடுப்புதான். ஆனா களப்பணியாளர்கள் வாரா வாரம் வீட்டுக்குப் போனாங்க. அடுப்பு பழுதானா சரி பண்ண ஏற்பாடும் இருந்துது. குழந்தைகள் மூச்சுல போற கார்பன் மோனாக்சைடு சராசரியா பாதியாக் குறைஞ்சுது. ஊரு வேற, அடுப்பும் வேற, அதனால இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஒரு பாடம் தெளிவு: அடுப்போட சேர்ந்து வர்ற ஆளும் அடுப்போட ஒரு பாகம்தான்.

ஒரு மில்லிமீட்டர் தண்ணி

புகைபோக்கி ஏன் இவ்வளவு செல்லம் கேட்குது? நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடமே பதில் சொல்லும்.

3 மீட்டர் உயரக் குழாய். உள்ளே புகை 150 டிகிரி, வெளியே கோவளத்துல 32 டிகிரின்னு வெச்சுக்கலாம். வெளிக் காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.157 கிலோ, உள்ளே 0.834. வித்தியாசம் 0.323. இதை 9.81ஆலயும் 3ஆலயும் பெருக்குங்க. சுமார் 9.5 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணி கொடுக்குற அழுத்தம்தான் அது! அந்த நூலிழை பலத்துலதான் மொத்தப் புகையும் மேலே ஏறணும். வெளியே பூஜ்யம் டிகிரி இருக்கிற குளிர்நாட்டுல இதே குழாய் 13.5 பாஸ்கல் இழுக்கும். அதாவது வெளிநாட்டு வீடியோ பார்த்து அப்படியே காப்பி அடிச்சா, நம்ம வெயிலுக்கு இழுவை மூணுல ஒரு பங்கு போல குறையும்.

இப்போ கடல்காத்தைச் சேருங்க. மதியத்துக்கு மேல கிழக்குல இருந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல அடிக்கிற காத்துக்கு சுமார் 14.5 பாஸ்கல் அழுத்தம் உண்டு. குழாயோட இழுவையை விட அதிகம். காத்து குழாய் வாய்க்கு மேல குறுக்கே போனா நல்லது, அது புகையை உறிஞ்சி எடுக்கும். ஆனா பக்கத்து மாடிச் சுவர்ல மோதி கீழே இறங்கினா, புகையை அடுப்பு வழியா முகத்துலயே தள்ளும். ஈ.சி.ஆர். ஓரமா மூணு மாடி, நாலு மாடின்னு எழும்புற ஒவ்வொரு கட்டடத்துக்குப் பின்னாலயும் ஒரு தாழ்ந்த கூரை இருக்கு. "முன்ன நல்லாத்தான் போச்சு, இப்பத்தான் புகை திரும்புது"ன்னு யாராவது சொன்னா அடுப்பைத் திட்டாதீங்க. பக்கத்துல புதுசா என்ன கட்டினாங்கன்னு பாருங்க.

அடுத்தது புகைக்கரி. 10 செ.மீ. குழாய்க்குள்ள சுத்தி ஒரு செ.மீ. கரி படிஞ்சா விட்டம் 8 செ.மீ. ஆயிடும். பரப்புல 36 சதவீதம் போச்சு. உராய்வும் கூடுறதால ஓட்டம் அதுக்கும் மேல குறையும். ஈர விறகு எரிச்சா இன்னும் மோசம். வெட்டின கையோட இருக்கிற மரத்துல எடையில பாதிகூட தண்ணியா இருக்கலாம். அந்தத் தண்ணியை ஆவியாக்கவே நெருப்போட சூடு போயிடும். எரியாத தார் குழாய் சுவர்ல போய்ப் படியும். கறுப்பா, பளபளன்னு, சுரண்டினாலும் வராத பிசின் மாதிரி இருக்கே, அது எரியக்கூடிய பொருள். ஒருநாள் பெரிய தீ போடும்போது குழாய்க்குள்ளேயே பத்திக்கும். குழாய் மேல ஓலைக் கூரை இருந்தா மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியது

இனி நேரா வேலைக்கு வருவோம். வீட்டுல விறகு அடுப்பு இருக்கிறவங்க இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுறதை விட, நீங்களே செய்யுங்க.

வாரம் ஒரு தடவை குழாயைப் பாருங்க. அடுப்பு எரியும்போது புகை அடுப்பு வாய் வழியா திரும்புதா, இணைப்புல எங்கேயாவது கசியுதா? கசிஞ்சா மண் குழைச்சுப் பூசுங்க.

தினமும் எரியுற அடுப்புன்னா மாசம் ஒரு தடவை குழாயைச் சுத்தம் பண்ணுங்க. அடுப்பு முழுசா ஆறியிருக்கணும். ராத்திரி அணைச்சு மறுநாள் பண்றது நல்லது. மூக்கு வாயைத் துணியால கட்டிக்கோங்க. அடுப்பு வாயை ஈரச் சாக்கால மூடுங்க. கயித்து நுனியில தேங்காய் நார்க் கட்டு ஒண்ணைக் குழாய் அளவுக்குக் கட்டி, கீழே ஒரு கல் தொங்கவிட்டு, மேலும் கீழுமா இழுங்க. விழுந்த கரியில தண்ணி தெளிச்சு அப்புறம் அள்ளுங்க.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல மட்டும் கால் வைக்காதீங்க. ஷீட் உடைஞ்சு விழுந்தா உயிருக்கே ஆபத்து. பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்டா இருந்தா அறுக்கவோ உரசவோ கூடாது. அந்தத் தூசி புற்றுநோய் தரும்.

குழாய் கூரை உச்சிக்கு மேல 2 அடியாவது நிக்கணும். மேலே மழை இறங்காத தொப்பி வேணும். உப்புக்காத்துல தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை விரலால அழுத்திப் பாருங்க. உள்ளே போச்சுன்னா மாத்தியாகணும். தகரக் குழாய்க்கும் ஓலை, மூங்கில், மரச் சட்டத்துக்கும் நடுவுல ஒரு முழமாவது இடைவெளி இருக்கட்டும். ஓலைக் கூரையைத் துளைச்சுக் குழாய் விடுறதை விட, சுவர் வழியா வெளியே எடுத்துட்டுப் போறது பாதுகாப்பு.

கரை ஒதுங்கின கட்டையை எரிக்காதீங்க. கடல் தண்ணியில ஊறின மரத்துல உப்பு இருக்கும். எரிச்சா வர்ற குளோரின் சேர்மங்கள் குழாயையும் அரிக்கும், நுரையீரலையும் விடாது. பெயிண்ட் அடிச்ச பழைய படகுப் பலகை, ஃபைபர் போட்டுத் துண்டு, கிழிஞ்ச நைலான் வலை, பிளாஸ்டிக் கவர் எதுவும் அடுப்புக்கு ஆகாது. தீ மூட்ட மண்ணெண்ணெய் ஊத்துறதும் வேண்டாம். பன்னாடையும் காய்ஞ்ச மிளாறும் இருக்கிற ஊருல அதுக்கு என்ன அவசியம்?

சாம்பலைத் தகர டப்பாவுல போடுங்க. மேலே ஆறின மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலகூட உயிரோட இருக்கும். பக்கத்துல ஒரு வாளி மணல் எப்பவும் இருக்கட்டும். கோவளத்துல மணலுக்கா பஞ்சம்? குழாய்க்குள்ள கடகடன்னு இரைச்சல் கேட்டா உள்ளே தீ பிடிச்சிருக்கு. தண்ணி ஊத்தாதீங்க. அடுப்பு வாயை மண்ணாலயோ தகடாலயோ மூடிட்டு எல்லாரும் வெளியே வந்து 101க்குப் போன் பண்ணுங்க.

கடைசியா, கங்கு இருக்கிற அடுப்பை மூடின அறைக்குள்ள வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வெச்சுட்டுத் தூங்கினவங்க எழுந்திருக்கவே இல்லைன்னு செய்தி படிச்சிருப்பீங்க. மழை நாள்ல கதவைச் சாத்திக்கிட்டு வெந்நீர் போடுற வீட்டுலயும் அதே வாயுதான் வரும்.

"கேஸ் கொடுத்தா முடிஞ்சுது இல்லையா?"

இது நியாயமான எதிர்க்கேள்வி. முழுசா கேஸுக்கு மாற முடிஞ்ச வீடு மாறணும். எந்தப் புகைபோக்கியும் அதுக்கு ஈடாகாது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாலு நாட்டுலயும் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கேஸ் அடுப்பும் எரிபொருளும் இலவசமா கொடுத்து ஒரு பெரிய சோதனை நடந்துது. விறகு வீட்டுப் பெண்கள் சுவாசிச்ச நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் வீட்டுல சுமார் 24. மூணுல ஒரு பங்கு! ஆனா 2022ல் வந்த முடிவுல குழந்தைகளோட பிறப்பு எடையில குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆரோக்கியம் ஒரே பட்டனை அழுத்தினா மாறுற விஷயம் இல்லைன்னு இதுல தெரியுது.

அந்தச் சோதனையில சிலிண்டர் இலவசமா வீடு தேடி வந்துது. நிஜ வாழ்க்கையில சிலிண்டருக்குக் காசு கொடுக்கணும். மிளாறு பொறுக்கினா கிடைக்கும். மீன் கிடைக்காத மாசத்துல எது எரியும்னு நீங்களே சொல்லுங்க. "எப்படியும் போகப்போற அடுப்புதானே"ன்னு சொல்லி இன்னைக்கு எரியுற அடுப்பைக் கண்டுக்காம விடுறது, நாளைக்குப் புது பஸ் வரும்னு சொல்லி இன்னைக்கு ஓடுற பஸ்ஸுக்குப் பிரேக் பார்க்காம விடுற மாதிரி. கேஸுக்கும் குரல் கொடுப்போம், குழாயையும் தட்டுவோம். இரண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்லை.

நாம என்ன பண்ணலாம்?

ப்ராஜெக்ட் ரிவ்யூல முதல் கேள்வி "இதுல புதுசு என்ன?" இரண்டாவது கேள்வி "செயல்திறன் எவ்வளவு?" மூணாவதா ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நாம கேட்கணும்: "இதை யாரு, எவ்வளவு நேரத்துல, எந்தக் கருவி வெச்சுச் சுத்தம் பண்ணுவாங்க?" இதுக்குப் பதில் இல்லாத அடுப்புக்கு மார்க் குறையணும்.

அந்த ஒரு கேள்வி டிசைனையே மாத்தும். குழாய் அடியில வளைவுக்குப் பதிலா மூடி போட்ட ஒரு டீ இணைப்பு வெச்சா, கூரை மேல ஏறாம கீழே இருந்தே சுத்தம் பண்ணலாம். பைப் கடையில தேடிப் பார்க்க வேண்டிய சமாசாரம்தான், ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கடல்காத்துக்கு ஏத்த தொப்பி, துருப்பிடிக்காத மலிவான குழாய், எட்டு வயசுப் பொண்ணுக்கும் எழுபது வயசு ஆயாவுக்கும் தெரியுற மாதிரி "அடைச்சிருக்கு"ன்னு காட்டுற ஒரு அடையாளம். ஒவ்வொண்ணும் ஒரு நல்ல ப்ராஜெக்ட். எக்ஸ்போவுல கண்ணைப் பறிக்காது, அவ்வளவுதான்.

என்.எஸ்.எஸ். முகாம்ல வருஷா வருஷம் கடற்கரையில குப்பை பொறுக்குறோம். நல்லது, தொடரட்டும். அதுல ஒரு நாளை எடுத்துக் குப்பத்துல இருக்கிற புகைபோக்கிகளைக் கணக்கெடுத்துச் சுத்தம் பண்ணிக் கொடுக்கலாம். மூணு மாசம் கழிச்சு அதே வீடுகளுக்குத் திரும்பப் போகணும். திரும்பப் போறதுதான் முக்கியம். முதல் நாள் ஃபோட்டோவுக்கு ஆள் நிறைய வருவாங்க, மூணாவது மாசம் யார் வர்றாங்கன்னு பார்ப்போம்.

போகும்போது "உங்களுக்கு விழிப்புணர்வு தர வந்திருக்கோம்"னு ஆரம்பிக்காதீங்க. நாற்பது வருஷமா அந்த அடுப்பு முன்னாடி உட்கார்ந்தவங்களுக்குப் புகையைப் பத்தி நாம சொல்லித் தர ஒண்ணுமில்லை. "அக்கா, எந்த மாசம் புகை ரொம்பத் திரும்புது? குழாயைக் கடைசியா எப்போ தட்டினீங்க? யாரு ஏறித் தட்டினாங்க?"ன்னு கேளுங்க. கொண்டல் காத்து எந்தப் பக்கம் இறங்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். அது எத்தனை பாஸ்கல்னு நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே திண்ணையில உட்கார்ந்து பேசினா, 1953ல் ஆரம்பிச்ச வேலையில ஒரு தெருவாவது முடியும்.

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க இன்னும் நாள் இருக்கு. "புகைபோக்கி பராமரிப்பு"ன்னு எழுதிக் கொடுக்க யாரெல்லாம் தயார்?